பிரிசில்லாவின் இரண்டு சாட்சிகள்

தீர்க்காயுசு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மனிதர்களின் உடல்நலத்தில் இருக்கிற அக்கறையை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உடல்நலத்தோடு இருக்கிறவர்கள் மேல் அதற்கு அளவு கடந்த பாசம். நோயாளிகளைத்தான் அதற்குப் பிடிக்காது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பூஞ்சேரி மோசஸ் அந்தக் கம்பெனியில் மருத்துவ பாலிசி எடுத்தான்.

மோசஸுக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன் வேலை. அவனுடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவன் களத்தில் நெல் அடித்த குடும்பம். இவன் ஐ.டி.ஐ. படித்ததால் ஏணி ஏறி ஏ.சி. பார்க்கிறான். ரிசார்ட் முதலாளியைக் கேட்டால் மோசஸ் ஒப்பந்தக்காரரின் ஆள் என்பார். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் ரிசார்ட்டின் ஆள் என்பார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தும்மல் வந்தால்கூட ஆபீஸ் மருந்து கொடுக்கும் என்று கேள்விப்பட்டு அவன் பல நாள் ஏங்கியிருக்கிறான்.

சுனாமி வந்துபோன மூன்றாம் மாதம் அது. கடலோரத்து ஊர்களுக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது, மந்திரிகள் வந்தார்கள். எல்லாரும் வந்துபோன பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் வந்தார்கள். பூஞ்சேரிக்கு வாய்த்தவர் செங்கல்பட்டு ஜானகிராமன். மொபெட்டின் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, வாய் நிறைய வெற்றிலை.

இன்சூரன்ஸைப் பற்றி ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ஞானம் வைத்திருந்தார்கள். "அத்த எட்த்தா வியாதி தானா வரும் மச்சான். வா வான்னு கூப்ட்டு குந்த வெக்கிற மாதிரி" என்றான் வாசல் செக்யூரிட்டி. பத்து வருஷம் ஒன்றும் கேட்காமல் இருந்தால் கட்டிய பணம் வட்டியோடு திரும்பி வரும் என்று சமையல்கட்டில் ஒருவர் அடித்துச் சொன்னார். தோட்டக்காரர் லட்சுமணன், "நமக்கு இன்னா வயசு ஆவுது? கடப்பாரைய முழுங்கினாலும் செரிக்கும்" என்று முடித்துவிட்டார். மோசஸ் யாரையும் கேட்கவில்லை. ஜானகிராமன் சொன்னதுதான் அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

"கார்டு ஒண்ணு வரும், மோசஸு. கவுன்ட்டர்ல காட்டு. உள்ள போ, படு, எழுந்து வா. பஸ் பாஸ் மாதிரி வெச்சிக்கோ."

"எந்த ஆஸ்பத்திரினாலுமா சார்?"

"எந்த வியாதின்னாலும்!"

கேட்டது ஒன்று, பதில் வந்தது வேறு ஒன்று என்பதை மோசஸ் கவனிக்கவில்லை. ஜானகிராமன் விண்ணப்பத்தை விரித்தார். ஆறு பக்கம். எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். இருபத்தேழு வியாதிகளின் பெயர்களைப் போட்டு, இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருந்தார்கள். ஜானகிராமன் படிக்காமலே மேலிருந்து கீழே இருபத்தேழு 'இல்லை' போட்டுக்கொண்டு வந்தார். அவர் கைக்கு அது பழகிய வேலை.

மோசஸின் மனைவி பிரிசில்லாவுக்கு மனசு கேட்கவில்லை. "சார், எனக்கு வவுத்து வலி வந்துச்சு. போன மாசம் சபையில சாட்சிகூட சொன்னேன். அத்த எய்த வேணாமா?"

சாட்சி என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பூஞ்சேரிச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எவரும் எழுந்து மைக்கில் சொல்லலாம். நல்ல சாட்சியாக இருந்தால் சபையின் மாதப் பத்திரிகையில் அச்சாகும். அந்த பிப்ரவரியில் பிரிசில்லாவுக்கு முன்னால் எழுந்த பார்வதம் என்கிற அம்மாள், மூன்று வருஷத்து முட்டி வலி போனதாகச் சொல்லி எல்லாரையும் அழவைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிரிசில்லாவுக்கு வந்ததோ ஒரு கல்யாண வீட்டு பிரியாணியால் வந்த இரண்டு நாள் வாயுத் தொல்லை. ஜெபம் பண்ணினார்கள், போய்விட்டது. ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு மைக்கைப் பிடித்து இரண்டு நாள் என்று எப்படிச் சொல்வது? கர்த்தருடைய மகிமைக்கு அல்லவா குறைச்சல்? "அஞ்சு வருசமா வவுத்து வலியால துடிச்சிகினு இருந்தேன்" என்று ஆரம்பித்தாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. பத்திரிகையில் புகைப்படத்தோடு வந்தது. சாட்சியில் கை கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கர்த்தருக்கும் தெரிந்திருக்கும்.

"டாக்டரைப் பாத்தியாம்மா?" என்று ஜானகிராமன் கேட்டார்.

"இல்ல சார். பாஸ்டரய்யா தலையில கை வெச்சி ஜெபம் பண்ணாரு. கர்த்தர் சொகம் குட்த்தாரு."

"கர்த்தர் டாக்டரா?"

"இல்ல சார்."

"ஆஸ்பத்திரில படுத்தியா?"

"சபையில பாயில குந்திகினு இருந்தேன்."

"அப்ப வைத்தியமே நடக்கல. வைத்தியம் நடக்கலைன்னா வியாதியே இல்ல. இதையெல்லாம் எழுதினா கம்பெனிக்காரன் குழம்பிடுவான். போடு கையெழுத்தை."

மோசஸ் போட்டான். கார்டு வந்தது. பளபளவென்று, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரோடும் வந்தது. பிரிசில்லா அதை வேதாகமத்தில் 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்கிற தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தின் பக்கத்தில் வைத்தாள். வருஷா வருஷம் பணம் கட்டினார்கள். இருபது மாதம் கார்டு அங்கேயே பத்திரமாக இருந்தது.

2006 டிசம்பர் ஏழாம் தேதி வியாழக்கிழமை, பிரிசில்லாவுக்கு வலது விலாவின் அடியில் பிடித்த வலி முதுகு வரை ஏறியது. வாந்தி, காய்ச்சல். கண் லேசாக மஞ்சளித்திருந்தது. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் மோசஸ். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கற்கள், பை சீழ் கட்ட ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட்டால் உள்ளேயே வெடித்து உயிருக்கே ஆபத்து என்றார். மோசஸ் கார்டை எடுத்துக் காட்டினான். கவுன்ட்டரில் இருந்தவர்களின் முகம் அப்படியே மலர்ந்தது. பொது வார்டுக்குப் போக இருந்தவளை ஏ.சி. அறையில் படுக்க வைத்தார்கள். வயிற்று வலிக்காரிக்கு மூளை, முழங்கால், காது எல்லாம் சோதித்தார்கள். பச்சை அங்கி மாட்டி, கம்பெனியின் அனுமதிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள்.

அனுமதி எந்த நிமிஷமும் வரலாம் என்பதால் காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். மாலை வரை வரவில்லை. இரண்டு வாய் கஞ்சி கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி பட்டினி போட்டார்கள். இப்படி நான்கு நாள். பார்க்க வந்த சபைப் பெண்கள் பிரிசில்லா உபவாசம் இருப்பதாக நினைத்து அவளுடைய விசுவாசத்தை மெச்சினார்கள்.

அனுமதி வராவிட்டாலும் ஃபேக்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது. இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த ஸ்வாதி என்கிற பெண் ஒவ்வொன்றையும் மோசஸுக்குப் படித்துக் காட்டினாள். முதல் ஃபேக்ஸ், 'இந்த அறுவை சிகிச்சை அவசியமா, அல்லது நோயாளியின் விருப்பமா என்பதைத் தெரிவிக்கவும்' என்றது. இரண்டாவது, 'மேற்படி கற்கள் உருவான தேதியைச் சான்றுடன் தெரிவிக்கவும்' என்றது. மூன்றாவது, விசாரணை அதிகாரி நேரில் வருவார் என்றது.

அதிகாரியின் பெயர் விஷால். கழுத்தில் டை, சிரித்த முகம், கையில் இரண்டு ஆப்பிள். "எத்தனை நாளா வலி, சிஸ்டர்?" என்று சொந்தத் தம்பி மாதிரி கேட்டார். "மூணு நாளா" என்றாள் பிரிசில்லா. எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூஞ்சேரிச் சபைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட உயரமாகக் கைகளைத் தூக்கிப் பாடினார். புது ஆத்துமா வந்திருக்கிறது என்று போதகர் மகிழ்ந்து, பத்திரிகையின் பழைய பிரதிகள் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தார். அன்று காணிக்கைப் பையில் போட்ட பத்து ரூபாயை விஷால் பயணப்படியில் சேர்த்து எழுதினார் என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மோசஸைக் கிளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் இனிப்புக் கடையின் மாடி. சுவரில் பெரிய படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் கடற்கரையில் துள்ளிக் குதிக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே கிளை மேலாளர் பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சபைப் பத்திரிகை இருந்தது. பிரிசில்லாவின் சாட்சியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"உட்காருங்க மிஸ்டர் மோசஸ். இன்சூரன்ஸ்ங்கிறது நம்பிக்கை. ஆரோக்கியமானவங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பணம் போடுறாங்க. அந்தப் பணத்தை நாங்க காவல் காக்கிறோம். யார்கிட்டேருந்து? நோயாளிகள்கிட்டேருந்து. நீங்களே சொல்லுங்க, வியாதி வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டா, வராதவங்களுக்கு என்ன பாதுகாப்பு?"

"சார், பித்தப்பை வெடிச்சிடும்ன்றாங்க சார்."

"அது மருத்துவ விஷயம். நாம பாலிசி விஷயத்துக்கு வருவோம். ஐந்து வருடமாக வயிற்று வலின்னு உங்க மனைவியே சொல்லியிருக்காங்க. விண்ணப்பத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. இது உண்மையை மறைத்தல்."

"அத்த உங்க ஏஜென்ட்டு கையில சொன்னோம் சார். டாக்டர் பாக்கல, கர்த்தர் டாக்டர் இல்ல, அதனால எய்த வேணாம்னு அவர்தான் சொன்னாரு."

"கர்த்தர் டாக்டர் இல்லைன்னு சொல்ல ஜானகிராமன் யார்?" என்று பன்னீர்செல்வம் கோபப்பட்டார். "குணப்படுத்தினவர் மருத்துவர். இது சாதாரண அறிவு. இந்தாங்க, சிகிச்சை அளித்த மருத்துவரின் படிவம். நிரப்பிக் கொண்டு வாங்க, கேஸைத் திரும்பப் பார்க்கலாம்."

மோசஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பூஞ்சேரிக்குப் போனான். போதகர் நல்ல மனுஷர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தியத்துக்கு விரோதமில்லாமல் நிரப்பினார். மருத்துவர் பெயர்: கர்த்தர். தகுதி: சர்வவல்லவர். பதிவு எண் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கோடு போட்டார். அளித்த சிகிச்சை: கைகளை வைத்து ஜெபம். கட்டணம்: இல்லை. மோசஸ் அதே பஸ்ஸில் திரும்பினான். ஆஸ்பத்திரியில் பிரிசில்லாவுக்குக் காய்ச்சல் நூற்று இரண்டைத் தாண்டியிருந்தது.

பன்னீர்செல்வம் படிவத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பதிவு எண் இல்லை. இருபத்துநான்கு மணி நேரம் உள்நோயாளியாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரின்னா பதினைந்து படுக்கையாவது வேணும், சபையில இருக்கா?"

"பாய்தான் சார் கீது."

"பாய் படுக்கை ஆகாது. அப்ப இது சிகிச்சையே இல்லை."

"அப்ப வியாதியும் இல்லன்னு ஆவுதில்ல சார்?"

"அதெப்படி? குணமாச்சுன்னு எழுதியிருக்கே. இல்லாதது எப்படிக் குணமாகும்?"

"சரி சார், கொணமாயிட்ச்சு. அப்ப இது புது வியாதிதானே?"

"புதுசுன்னா கற்களின் வயதுச் சான்றிதழ் வேணும். பாலிசி தேதிக்கு அப்புறம்தான் பிறந்ததுன்னு."

"சார், எங்க ஊர்ல எந்தக் கல்லக் காட்னாலும் கைடு வயசு சொல்லிடுவான். ஆயிரத்து முன்னூறு வருசம்ன்னுவான். வவுத்துக்குள்ள கீற கல்லுக்கு எவன் சார் சொல்லுவான்?" என்றான். பிறகு வேறு வழியில்லாமல் உண்மையை உடைத்தான். "சார், உங்க கையில சொல்றேன். அது அஞ்சு வருசமே இல்ல. ரெண்டே நாளு. பிரியாணி துன்னதால வந்த வாயு. சாட்சியில கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க."

பன்னீர்செல்வத்தின் முகம் முதல் தடவையாகக் கனிந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ரொம்ப சுலபம். 'என் மனைவி ஆண்டவர் சன்னிதியில் பொய் சொன்னார்'னு எழுதி, அவங்க கையெழுத்தும் போதகர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, மூணு பிரதி குடுங்க. மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

மோசஸ் வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். எழுதிவிடுவது என்றுதான் போனான். பெண்டாட்டி பிழைத்தால் போதும், பொய்க்காரி என்றாலும் திருடி என்றாலும் எழுதலாம். பிரிசில்லா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"கூட்டி சொன்னது தப்புதான்" என்றாள். "அத்த கர்த்தர் கையில நான் சொல்லிக்கிறேன். இவனுங்களுக்கு எய்திக் குட்க்க மாட்டேன். நீயும் எய்தாத."

"உசுரு போயிடும் பிரிசி."

"போவாது. இந்தாண்டதான் கவுருமென்ட்டு ஆஸ்பத்திரி கீது. இட்டுகினு போ."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், அந்த மூன்று பிரதிக்குக்கூடக் காத்திருக்காமல் கடைசி ஃபேக்ஸ் வந்தது. 'உண்மையை மறைத்தவர் என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' கவுன்ட்டரில் மலர்ந்திருந்த முகங்கள் வாடின. முன்பணம் கட்டுங்கள், இல்லையென்றால் அறையைக் காலி செய்யுங்கள் என்றார்கள். நான்கு நாள் பட்டினி போட்டதற்கும் மூளையைப் படம் பிடித்ததற்கும் பில் கொடுத்தார்கள். மோசஸ் பிரிசில்லாவின் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றினான். ஒரு சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும், எரியாவிட்டால் எங்கே கோளாறு என்று அவனால் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கம்பெனியில் எந்த ஒயரும் எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். "கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?" என்று அவளிடமும், "ரத்தம் குடுக்க ஆள் இருக்கா?" என்று அவனிடமும். சாட்சியைப் பற்றி அவர் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அறுத்து எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் எடுக்கப் பித்தப்பை இருந்திருக்காது என்றார் அந்த டாக்டர். பதினான்கு கற்களை ஒரு காலி மருந்து பாட்டிலில் போட்டு மோசஸிடம் கொடுத்தார்கள். ஏ.சி. கிடையாது. இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மழைக் குளிரில் நோயாளிகளுக்கு வெந்நீர் கிடைக்கவில்லை. ஆயா கன்னியம்மா வாசல் டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் ஜக்கில் வாங்கிக்கொண்டு, ஆறுவதற்குள் வார்டு முழுக்க ஓடுவாள். "ஒரு பிளாஸ்க் வாங்கிக் குடுங்கடான்னு மூணு வருசமா எய்திகினு கீறோம்" என்பாள். அங்கே இருந்த பத்து நாளும் பிரிசில்லாவைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டது அவள்தான்.

வீட்டுக்கு வந்த பிரிசில்லாவுக்குத் தழும்பு ஆறியது. அந்த ஃபேக்ஸ்தான் ஆறவில்லை. 'உண்மையை மறைத்தவர்' என்ற வரியை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தாள். சபையில் சாட்சி நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து தங்க நிற ஓரம் போட்ட கடிதம் வந்தது. இரண்டு வருடம் முழுவதும் கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பெறாத முன்மாதிரிக் குடும்பமாக மோசஸ்–பிரிசில்லா தம்பதி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்களாம். அவர்களுடைய காப்பீட்டுத் தொகை ஐந்து சதவீதம் உயர்த்தப்படுகிறதாம். அதாவது, தராத தொகையை இனிமேல் ஐந்து சதவீதம் கூட்டித் தராமல் இருப்பார்கள். வாடிக்கையாளர் பெருமை நாள் விழாவில் பரிசு உண்டு, சில நிமிடங்கள் தங்கள் அனுபவத்தைப் பேசவும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிராகரிக்கிற பிரிவு ஒரு மாடியிலும் பாராட்டுகிற பிரிவு வேறொரு மாடியிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே லிஃப்ட் பழுது.

விழா நடக்கிற இடம் மோசஸ் வேலை பார்க்கிற அதே ரிசார்ட். மைக் செட்டுக்குப் பொறுப்பு அவன்.

"கிய்ச்சிப் போடு அத்த" என்றான் மோசஸ்.

"இன்னாத்துக்கு? சாட்சி சொல்ல கூப்ட்டுகீறாங்க. போறேன்" என்றாள் பிரிசில்லா.

விழாவன்று மத்தியானம் கடற்காற்றில் பேனர் படபடத்தது. இருநூறு பேர். மேடையில் சென்னையிலிருந்து வந்த மண்டல மேலாளர், பக்கத்தில் பன்னீர்செல்வம். மோசஸ் ஓரத்தில் ஆம்பிளிஃபையரோடு உட்கார்ந்திருந்தான். மண்டல மேலாளர் எழுந்தார்.

"அன்பர்களே! எங்களுக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள். பணம் கட்டிவிட்டு, பிறகு வந்து பணம் கேட்பவர்கள். அவர்களைப் பற்றிப் பேசி இந்த இனிய விருந்தைக் கெடுக்க விரும்பவில்லை. பணம் கட்டிவிட்டு அடுத்த வருடம் மறந்துவிடுபவர்கள். அவர்கள் நல்லவர்கள். பணம் கட்டி, மீண்டும் கட்டி, எதையுமே கேட்காதவர்கள். இவர்கள் தெய்வங்கள்! நோய் யாருக்குத்தான் வராது? வரும். ஆனால் வந்த நோயை வெளியில் சொல்லாமல், எங்களுக்குத் தொந்தரவு தராமல் வாழ்கிறார்களே, அந்தப் பண்பாட்டுக்குத் தலைவணங்குகிறேன். சென்ற வருடம் இந்தக் கிளை நூறு கோரிக்கைகளில் எழுபத்தெட்டை நிராகரித்துச் சாதனை படைத்திருக்கிறது. அடுத்த வருடம் தொண்ணூறைத் தொடுவோம்!"

கைதட்டல் ஓய்வதற்குள் பிரிசில்லாவைக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய ஸ்டீல் பிளாஸ்க்கைப் பரிசாகக் கொடுத்து, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பன்னீர்செல்வத்துக்கு இந்த முகத்தை எங்கேயோ சிவப்பு வட்டத்துக்குள் பார்த்த நினைவு வந்தது. அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் பேரு பிரிசில்லா. பூஞ்சேரிலேர்ந்து வந்துகீறேன். ரெண்டு வருசம் முந்தி ஒரு சாட்சி சொன்னேன். அதுல ரெண்டு நாளு வலிய அஞ்சு வருசம்னு கூட்டி சொல்லிட்டேன். அது தப்பு. கர்த்தர் கையில மன்னிப்பு கேட்டுகினேன். அதனால இன்னைக்கி ஒரு நிமிசம்கூட கூட்டி சொல்ல மாட்டேன். டிசம்பர் ஏழாந்தேதி காலைல ஒம்போது மணிக்கு இந்தக் கம்பெனி கார்ட காட்டி படுத்தேன். நாலு நாளு பட்டினி போட்டாங்க. வவுத்துல சீழ் கட்டிகினு இருக்கசொல்ல, கல்லுக்கு வயசு இன்னான்னு கேட்டாங்க. கர்த்தரோட டாக்டர் நம்பர கேட்டாங்க. நான் பொய்க்காரின்னு எய்திக் குட்த்தா பாக்கலாம்னாங்க. பதினொண்ணாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, செத்தா சாவுன்னு ஃபேக்ஸ் வுட்டாங்க. பன்னண்டாந்தேதி கவுருமென்ட்டு ஆஸ்பத்திரில கல்ல எடுத்தாங்க. பதினாலு கல்லு. இந்தாங்க சார்."

இடுப்பிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து மண்டல மேலாளரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "வயசு சான்றிதழ் கேட்டீங்களே. நீங்க படிச்சவங்க, பாத்து சொல்லுங்க."

பன்னீர்செல்வம் மோசஸைப் பார்த்துக் கழுத்தை வெட்டுவது போல் சைகை காட்டினார். நிறுத்து, மைக்கை நிறுத்து என்று வாயசைத்தார். ரிசார்ட் மேனேஜரும் வாசலிலிருந்து விரலை ஆட்டினார். அவர் ஒப்பந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. மோசஸ் ஆம்பிளிஃபையரின் குமிழைப் பிடித்தான், வலப்பக்கம் முழுக்கத் திருப்பினான்.

"உண்மைய மறைச்சவன்னு எனக்கு பேர் குட்த்தாங்க. மறைக்காம சொல்லிட்டேன். கர்த்தருக்கே மகிமை" என்ற குரல் கடல் வரைக்கும் கேட்டது. பின்னால் சூப் பரிமாறிக்கொண்டிருந்த பூஞ்சேரிச் சபை ஆட்கள் பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பாலிசிதாரர்களில் பலர் அப்போதுதான் தங்கள் பையிலிருந்த கார்டை எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். மேடை ஓரத்தில் விஷால் மட்டும் குனிந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மோசஸை ரிசார்ட் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன்பே கம்பெனியின் கடிதம் வந்துவிட்டது.

'இருநூறு சாட்சிகள் முன்னிலையில் தாங்கள் அளித்த வாக்குமூலத்தின்படி, தங்களுக்கு ஐந்து வருட வயிற்று வலி இருக்கவில்லை என்று தெளிவாகிறது. எனவே உண்மையை மறைத்தவர் என்ற முந்தைய குறிப்பு வருத்தத்துடன் திரும்பப் பெறப்படுகிறது. அதே வாக்குமூலத்தில், சபையில் பொய் சொன்னதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், நம்பகத்தன்மை இல்லாதவர் என்ற புதிய காரணத்தின் பேரில் பாலிசி ரத்து செய்யப்படுகிறது. தவறுதலாக வழங்கப்பட்ட பிளாஸ்க்கை ஏழு நாட்களுக்குள் நல்ல நிலையில் திருப்பித் தரவும். மூன்று பிரதிகளில் பதில் தேவை.'

பிளாஸ்க் அவர்களிடம் இல்லை. விழா முடிந்த மறுநாளே பிரிசில்லா பஸ் ஏறிப் போய் அதைக் கன்னியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பதிலை மோசஸே எழுதினான். கம்பெனி கேட்டு அவன் எழுதிக் கொடுத்த முதல் கடிதம் அதுதான். மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டான்.

'ஐயா, தாங்கள் கேட்ட பிளாஸ்க் தற்சமயம் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் அறுவை வார்டில் உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வார்டில் பதினைந்துக்கு மேல் படுக்கைகள் உள்ளன. டிஸ்சார்ஜ் ஆனதும் அனுப்பி வைக்கிறேன். அதற்குள் தங்களுக்கு அது வேண்டுமென்றால், அவசியமா, அல்லது தங்கள் விருப்பமா என்பதைச் சான்றுடன் தெரிவிக்கவும்.'